உமி கனக்குது டாக்டரம்மா!

யாரய்யா நீர்? என் வீட்டுக்காரிக்கு மாட்டுத் தரகு சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யார்? எந்த ஊர்ச் சந்தைக்காரர்? ஆம்பளையாக இருந்தால் முன்னால் வாரும். பொம்பளையாக இருந்தாலும் வாரும். என் நிலைமையில் அதெல்லாம் பார்க்க முடியாது.

நான் நன்னிலம் அரசப்பன். முப்பது வருஷமாக மாட்டுத் தரகன். படிப்பு மூன்றாம் வகுப்பு. மிச்சத்தை மாடுகள் உதைத்துச் சொல்லிக்கொடுத்தன. துண்டைப் போட்டு அதற்குள் ஒருத்தன் விரலைப் பிடித்தேன் என்றால், நாற்பது சொன்னவன் இருபதுக்கு இறங்கி, கயிற்றையும் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போவான். சொன்ன விலைக்கு ஒன்றை வாங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு செரிக்காது. பஸ் டிக்கெட்டுக்குப் பேரம் பேசி இரண்டு தடவை நடுவழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு வலது முட்டி தேய்ந்துபோயிற்று. தஞ்சாவூரில், அரசாங்கக் காப்பீட்டு அட்டையில், புது முட்டி வைத்தார்கள். அட்டையில் யார் படம் என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும், முட்டி ஒன்றுதான்.

நான் கட்டிலில் கிடந்த மூன்றாம் வாரமே வைத்தியலிங்கம் வேலையைக் காட்டிவிட்டார். நாங்கள் குத்தகைக்கு உழும் ஒண்ணரை ஏக்கர் அவருடையது. 'குத்தகைக்காரர் நடக்கவே லாயக்கில்லை, சாகுபடி செய்யவில்லை, நிலத்தை மீட்டுத் தரவும்' என்று தாலுகா ஆபீசில் மனு. என் அப்பா கொடி பிடித்து, தடியடி வாங்கி, பதிவு வாங்கிய குத்தகை அது. 'உழுபவனுக்கே நிலம்' என்று முழங்கியவர்களையெல்லாம் மாற்றி மாற்றி நாற்காலியில் உட்கார வைத்தோம். நாங்கள் மட்டும் இன்னும் வரப்பிலேயே நிற்கிறோம். ஆனி மாதம் குறுவை நடவு அன்று வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பாராம். நான் சேற்றில் இறங்கி நடக்காவிட்டால் நிலம் போச்சு.

காலுக்குப் பலம் ஏற்றும் பயிற்சியை டாக்டரம்மா சொன்னார். கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்க வேண்டும். எத்தனை தடவை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். என் மனைவி மங்களாம்பிகை அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னங்க, நாப்பது தடவை தூக்கணுமாம்."

"நாப்பதா? இது காலா, கமலை ஏத்தமா? அஞ்சு."

"டாக்டர் சொன்னதுங்க."

"சொல்றது அவங்க தொழில், கொறைக்கிறது என் தொழில். ஆறு."

"முப்பத்தஞ்சு. அதுக்குக் கீழ கட்டுபடியாகாது."

"வாயால பேசுனா படியாது மங்களம். எடு துண்டை!"

துண்டுக்குள் கை விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு என் கையை அவள் அத்தனை நேரம் பிடித்தது அன்றுதான். ஒரு விரலுக்குப் பத்துக் கணக்கு. மூன்றரை விரலைப் பிடித்தாள். நான் உதறினேன். மூன்று. உதறினேன். ஒண்ணரை விரல் என்றால் பதினைந்து. படிந்தது!

"என் வயித்துல அடிச்சிட்டீங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாவமாக இருந்தது. கொசுறாக ஒன்று தூக்கிக் காட்டினேன்.

தினமும் இதே வெற்றிதான். ஐம்பது சொன்னாள், இருபதில் முடித்தேன். எழுபது சொன்னாள், முப்பதில் மடக்கினேன்.

ஆனால் மணலிடம் பேரம் பேச முடியவில்லை. ஒருநாள் அவள் வயலுக்குப் போனதும், காலில் கட்டும் மஞ்சப்பையை அவிழ்த்து மணலைத் தென்னை மரத்தடியில் கொட்டினேன். உமியை நிரப்பிக் கட்டினேன். அன்றைக்குக் கால் காக்காய் மாதிரிப் பறந்தது.

மறுநாள் கனத்தது. அடுத்த வாரம் இன்னும் கனத்தது. பையைப் பிரித்துப் பார்த்தேன். உமிதான். எனக்கு வேர்த்துவிட்டது. தஞ்சாவூருக்கு ஓடினேன், மங்களமும் கூட வந்தாள்.

"உமி கனக்குது டாக்டரம்மா!"

"எதுங்க?"

"உமிங்க. நெல்லு உமி. முட்டிக்குள்ள காந்தம் கீந்தம் வச்சிட்டீங்களா?"

டாக்டரம்மா மங்களத்தைப் பார்த்தார். மங்களம் ஃபேனைப் பார்த்தாள்.

"பையில எப்படிங்க உமி வந்துச்சு?"

"அது... காத்துல..."

"கனத்தா நல்லதுதான். நிறுத்தாமத் தூக்குங்க."

நடவு நாள் வந்தது. வைத்தியலிங்கம் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார், கிரயம் முடிந்தவர் மாதிரி. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். கைக்கு ஒரு நாற்றுமுடி. சேற்றில் இறங்கினேன். 'சளக், சளக்'கென்று நடந்தேன். மறுகரை வரப்பில் கை ஊன்றாமல் ஏறினேன். ஏறினதோடு நின்றேனா? திரும்பவும் இறங்கினேன்!

"இவரா நடக்க லாயக்கில்லாதவர்? எனக்கே இந்தச் சேத்துல கால் வரலையே" என்றார் ஆய்வாளர். உண்மைதான், அவருடைய செருப்பை நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன். மனு தள்ளுபடி. வைத்தியலிங்கம் குடையை மடக்கக்கூட மறந்து காருக்குள் நுழையப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாத்தியா மங்களம்! நாப்பதைப் பதினஞ்சாக்கி, மணலை உமியாக்கி, அதுலயே நெலத்தை மீட்டுட்டேன். சீட்டுல இருந்தபடி செஞ்சிருந்தா என்னாயிருக்கும்?"

"இதான் ஆயிருக்கும்" என்று இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

முதல் வாரம் பதினைந்து. அடுத்தது இருபது. அப்புறம் முப்பது. சீட்டு அப்படியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பதினஞ்சுன்னு உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டுல முடிச்சிருப்பீங்கள்ல?"

"அப்ப... உமி?"

"மேலாக்கத்தாங்க உமி. அடியில மணல். வாரத்துக்கு ஒரு ஆழாக்கு ஏத்தினேன்."

"யாரு ஒனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முப்பது வருஷமாக நான் மடக்கிய மாடுகளையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது சொல்லி இருபதுக்கு இறங்கினவன் ஒவ்வொருத்தனும், கயிற்றை வேறு இனாமாகக் கொடுத்தவன், ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டே போனான்?

ஐயா, பெயர் தெரியாதவரே! நீர் கெடுத்ததை நீரே வந்து சரிபண்ணும். அடுத்த முட்டி தேயாமல் இருக்க இனிமேல் இடது காலுக்கும் சேர்த்து அறுபதாம், துண்டோடு வந்து நிற்கிறாள். நான் எத்தனை கேட்க வேண்டும்? அதையாவது சொல்லிவிட்டுப் போம்!