கம்பீரத்தின் தூக்கமும் என் அக்கா மகளின் குறிப்பேடும்

நடுக்கடலில் கப்பல் இயந்திரத்தைக் கட்டி மேய்க்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியைத் தோளில் தூக்கி வளர்த்த ஒரே காரணத்தால் உங்களை அதட்டும் உரிமை பெற்ற தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் கடலும் சௌக்கியமா?

போன துறைமுகத்திலிருந்து "கிடைத்ததா?" என்று ஒற்றை வார்த்தை எழுதிப் போட்டிருந்தீர்கள். துணைவேந்தர் பதவியைப் பற்றி ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நான் என்ன தந்தியா? வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் முப்பத்தாறு வருடம் கண்காணிப்பாளராகக் கட்டி ஆண்ட அந்தப் பல்கலைக்கழக மன்ற அறையை நீங்கள் பார்த்ததில்லை. சுவரில் பதினான்கு துணைவேந்தர்களின் படங்கள். பதினான்கும் ஆண்கள். அத்தனை மீசைகளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் உங்கள் கப்பலையே கரையில் கட்டிவிடலாம். அந்த மீசைகளுக்கு எதிரே உட்கார்ந்துதான் உங்கள் மனைவி பதினொரு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதினாள். பேராசிரியை, இரண்டு துறைக்குத் தலைவி. இருந்தும் அவள் நாற்காலியில் உட்காருவதற்குள், "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, நீயே எழுதிடு" என்று குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளிவிடுவார் பொறியியல் பேராசிரியர். குரலையும் தொப்பையையும் உத்தேசித்து நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கம்பீரம். இந்தத் தடவை சல்லடை போட்டு மிஞ்சியவர்கள் இருவர்: கம்பீரமும் இவளும்.

தேர்வு நாள் வந்தது. பழைய குறிப்பேடுகள் இருக்கும் அலமாரியின் சாவி எங்கே என்பது இந்த அண்டத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்பதால், ஓய்வு பெற்றவனானாலும் கதவோரம் மலைபோல் நின்றேன். குழுவின் தலைவர் ஒரு பழைய நீதிபதி. "யாராவது குறிப்பு எடுத்துக்குங்க" என்றார். அவர் வாய் மூடவில்லை, கம்பீரத்தின் கை பழக்கதோஷத்தில் குறிப்பேட்டை உங்கள் மனைவி பக்கம் தள்ளிவிட்டது. யாரோடு போட்டி போட வந்திருக்கிறாரோ அவளிடமே! நான் கண்ணசைத்தேன். அவள் பேனாவை மூடினாள்.

"சார், இன்னைக்கு நான் பேச வந்திருக்கேன்" என்றாள்.

மின்விசிறியே ஒரு சுற்று யோசித்துவிட்டுத்தான் சுற்றியது. அடுத்து உறுப்பினர் ஒருவர், வீட்டுக்காரர் கப்பலில், பெண் பள்ளிக்கூடத்தில், வீட்டையும் பதவியையும் எப்படிச் சமாளிப்பாய் என்று அவளைக் கேட்டார். சாருக்கும் வீடு இருக்கிறது, முதலில் அவரைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். கடைசிப் பிள்ளை எந்த வகுப்பு என்ற இடத்தில் கம்பீரம் கூரையைப் பார்த்தார், கூரைக்கும் தெரியவில்லை.

சுதாரித்துக்கொண்டு தன் சாதனைகளை அவிழ்த்துவிட்டார். விடுமுறையிலும் நூலகம் திறக்கிறதே, அது தன் யோசனை. பத்தே நாளில் தேர்வு முடிவு, அதுவும் தன் யோசனை. விட்டிருந்தால் சூரியன் கிழக்கே உதிப்பதற்கும் உரிமை கொண்டாடியிருப்பார். இதற்குள் நீதிபதி, வேறு வழியில்லாமல் தானே எழுத வேண்டிவந்த குறிப்பை எப்படி எழுதுவது என்று பார்க்க, நான் எடுத்துக் கொடுத்த பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"விடுமுறையில் நூலகம்: பேராசிரியை முன்மொழிந்தார். பொறியியல் பேராசிரியர், கரையான்தான் வந்து படிக்கும் என்றார். பத்து நாளில் தேர்வு முடிவு: பேராசிரியை முன்மொழிந்தார். பொறியியல் பேராசிரியர் 3.10-க்கு உறங்கினார். 3.55-க்கு விழித்து, எது என்று கேட்காமல் ஆமோதித்தார்."

பதினொரு வருடம், மாப்பிள்ளை! எவனும் ஒரு பக்கம் படித்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கம்பீரத்தின் சம்மதக் கையெழுத்து வேறு. "இது உங்க கையெழுத்துதானே?" என்று நீதிபதி கேட்டார். கம்பீரம் தண்ணீர் கேட்டார். நான்தான் கொடுத்தேன்.

கிடைத்தது, மாப்பிள்ளை, கிடைத்தது. பதினைந்தாவது படத்துக்கு ஆணி அடித்தாகிவிட்டது. பேனாவை மூடும் யோசனை என்னுடையது என்பதைத் தன்னடக்கம் கருதி நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் இயந்திரம் இருமாமலும் கடல் முறைக்காமலும் நீங்கள் வந்து சேர ஆயிரம் ஆசிகள்.

இப்படிக்கு,
அரியணைக்குப் பின்னால் நின்ற அன்பு மாமா

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி மாமா இதை என்னிடமே கொடுத்தார். படித்தேன். திருத்தங்கள்: தேர்வு நடந்த நேரம் முழுக்க மாமா கீழே லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணசைத்திருந்தால் அது லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து. அலமாரிக்குப் பூட்டே கிடையாது; பழைய குறிப்பேட்டை நீதிபதியே எடுத்துக்கொண்டார். தண்ணீரைக் கொடுத்தது நான். மற்றவை, அன்று சாயங்காலம் நான் சொல்லி மாமா கேட்டவை; சரியாக உள்ளன. இதுதான் நான் எழுதும் கடைசிக் குறிப்பு. நேற்றைய கூட்டத்தில் குறிப்பேட்டைக் கம்பீரம் சார் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் கையெழுத்தும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது; இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை.