சோரன்சன் வீட்டு மனைவியர்: ஒரு கள ஆய்வு

என் பெயர் பிரகதீஷ். வயது இருபத்தாறு. இருப்பிடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ஸ்பானிஷ் ஃபோர்க் ஊர், வெர்ல் சோரன்சன் வீட்டு பேஸ்மென்ட். மார்மன்களைப் பற்றி இன்று உலகத்தில் உயிரோடிருக்கும் முதன்மை நிபுணர் நான்தான். இதை நானாகச் சொல்லவில்லை. தாராபுரம் பெரியப்பா சொன்னார். குடும்ப வாட்ஸாப் குழுவே கட்டைவிரலைத் தூக்கி ஆமோதித்தது.

பெரிய ஆராய்ச்சியாளர்கள் தங்களை 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே இனி இந்த அறிக்கையில் 'நிபுணன்' என்றே வரும். 'மார்மன்' என்று நாம் சொல்லும் இந்தக் கிறிஸ்தவப் பிரிவு மக்கள், தங்கள் சபையின் முழுப்பெயரைச் சொன்னால் சந்தோஷப்படுகிறார்கள். அது நீளமான பெயர் என்பதால் நிபுணன் கற்றுக்கொள்ளவில்லை.

நிபுணனின் தகுதி ஒரு காணொளி. பெரியப்பா அனுப்பியது. அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தான். ஒவ்வொரு ஆணுக்கும் நான்கைந்து மனைவிகள். காபி வாசனை வந்தால் ஆளைத் துரத்திவிடுவார்கள். மின்சாரம் கிடையாது, குதிரை வண்டிதான் என்று அதில் ஒருவர் கண்ணை உருட்டிச் சொன்னார். ரகசியக் கூட்டம் ஒன்றை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கும் குறிப்புக் கொடுத்தார். சாத்திய கதவு இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சடங்கு நடக்கும். எங்கோ தூரத்தில் ஒரு தலைவர் இருப்பார்; அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது.

குதிரை வண்டிக்காரர்கள் வேறு மாநிலத்தில் வாழும் வேறு மக்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அப்போது, வீட்டு வாசலில் சோரன்சனின் பிரம்மாண்டமான பிக்கப் வண்டி நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே நிபுணன் எழுதினான்: 'குதிரைகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.'

காபி விஷயத்தில் அவன் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கைகள் பாராட்டத்தக்கவை. அம்மா கொடுத்தனுப்பிய ஃபில்டரைத் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தான். காலையில் குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைத் திணித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, கழுவுதொட்டி ஓரத்தில் டிகாஷன் இறக்கினான். அங்கேயே நின்றபடி குடித்தான். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

அவன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை. டிரம் டிரம்மாகக் கோதுமை, ஓட்ஸ், பால் பவுடர். கஷ்ட காலத்துக்கென்று இங்கே எல்லா வீட்டிலும் இப்படிச் சேர்த்து வைக்கிறார்கள். நிபுணன் யாரையும் கேட்காமல் தானே சிந்தித்துப் பெரியப்பாவுக்கு எழுதினான்: 'வீட்டில் இருப்பது கிழவர் ஒருவர், கிழவி ஒருவர். கோதுமை ஒரு பட்டாளத்துக்குக் காணும். மீதியைச் சாப்பிடுவது யார்?'

பெரியப்பாவிடமிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது. 'யோசி.'

யோசித்துக்கொண்டிருக்கும்போதே சான்றுகள் தாமாக வாசலுக்கு வந்தன. வெர்லின் மனைவி லாரே அம்மாவுக்கு முழங்காலில் அறுவை நடந்தது. அவர் வீடு திரும்பிய மறுநாளிலிருந்து சாயங்காலமானால் ஒரு பெண்மணி வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. நேராக அடுக்களைக்குப் போகிறார். சொந்த அடுப்பு போல ஓவனைத் திறந்து எதையோ உள்ளே வைக்கிறார். வெர்ல் அவரை 'சிஸ்டர்' என்கிறார். அவர் வெர்லை 'பிரதர்' என்கிறார். மறுநாள் வேறொரு பெண்மணி. அவரும் சிஸ்டர்தான்.

பேஸ்மென்ட் ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். அதிலிருந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். ஆகவே நிபுணன் மனைவியரைக் காலணியை வைத்து வகைப்படுத்தினான். திங்கட்கிழமை வெள்ளைக் கான்வாஸ். செவ்வாய் தேய்ந்த பழுப்புச் செருப்பு, நடை மெதுவு, மூத்தவராக இருக்கலாம். புதன்கிழமை சிவப்பு பூட்ஸ், வேகமான நடை, 'கடைசியாகக் கட்டியவர் போலும்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்தான்.

இந்த அறிக்கை தாராபுரத்தில் உண்டாக்கிய பரபரப்பைச் சொல்லி மாளாது. உயர்மட்டக் குழு வீடியோ காலில் அவசரமாகக் கூடியது. தலைமை, பெரியப்பா. அம்மாதான் முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஏன்டா, மத்தவளுங்க வந்து அடுப்படில பொழங்கறத அந்தம்மா ஒண்ணும் சொல்றதில்லையா?"

"தேங்க்ஸ் சொல்றாங்கம்மா."

அம்மா பெரியப்பா பக்கம் திரும்பினார். "தேங்க்ஸ் சொல்ற அளவுக்கு அவளப் பழக்கி வெச்சிருக்கான் பாரு" என்றார்.

பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அந்த வீட்டில் ஒரு நாள் கூட அதிகம் இருக்கக் கூடாது. ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் சேர்த்துவிடுவார்கள். அது கூடப் பரவாயில்லை. "ஒரே முகூர்த்தத்துல உனக்கு மூணு பேரக் கட்டி வெச்சுட்டான்னு வை, பத்திரிகைல பேர் போட எடம் பத்தாதுடா. காலி பண்ணு." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிபுணனின் கருத்து கேட்கப்படவில்லை, அவனும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால், அந்த அறையை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை என்று சொல்லியிருப்பான். முதல் பனி விழுந்த காலையில், அவன் எழுவதற்குள் வெர்ல் அவன் கார் மேலிருந்த பனியைச் சுரண்டித் துடைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரே அம்மா துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லியைத் தட்டில் வைத்து அவன் கதவைத் தட்டுவார். அமெரிக்காவில் அவன் கதவைத் தட்டிய ஒரே கை அது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாதவை என்பதால் இந்த விவரங்கள் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

நிபுணன் வெர்லிடம் போய், வேறு இடம் பார்க்கலாமா என்று ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னான். இங்கேதான் அவனுடைய ராஜதந்திரம். நம் பக்கத்தில் 'யோசனை இருக்கு' என்றால் குறைந்தது இரண்டு தீபாவளிக்கு ஒன்றும் நடக்காது. பெரியப்பாவுக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும், அறையும் தங்கும்.

வெர்லின் முகம் வாடிவிட்டது. "சனிக்கிழமை தோதுப்படுமா தம்பி?" என்றார். எது என்று கேட்காமல், மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தான் நிபுணன். லாரே அம்மா உள்ளேயிருந்து, அப்படியானால் அன்றைக்குச் சாவு வீட்டு உருளைக்கிழங்கு செய்கிறேன் என்றார். இங்கே எல்லா விசேஷத்துக்கும் செய்கிற பதார்த்தம் அது; சாவுக்கு அவசியமாகச் செய்வதால் அந்தப் பெயர். யாருடைய சாவு என்று நிபுணன் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் வண்டிகள் வந்து நின்றன. ஜன்னலில் பூட்ஸ் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் ஆண் கால்கள். ஒருவர் கையிலிருந்து கயிறு தொங்கியது.

நிபுணன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெரியப்பாவுக்குச் செய்தி அனுப்பினான்: 'வந்துவிட்டார்கள்.' பெரியப்பா கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார்.

கதவு தட்டப்பட்டது. "பிரதர், உள்ள இருக்கீங்களா? நான் டாலின் டட்டில். கட்டில மொதல்ல எடுக்கட்டுமா, மேசையவா?"

விஷயம் இதுதான். இந்தச் சபையில் ஒருவர் வீடு மாறுகிறார் என்று காதில் விழுந்தால் போதும். அவர் சபைக்காரரா, குளியலறையில் ஒளிந்திருப்பவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. சனிக்கிழமை காலையில் வண்டியோடு வந்துவிடுகிறார்கள். கூலி கிடையாது, டோனட் உண்டு. அந்தப் படைக்குத் தளபதி டாலின். பிஷப் ஜெப்சனும் வந்திருந்தார். பிஷப் என்றால் அங்கி போட்டவர் அல்ல. வாரநாளில் பல் பிடுங்குகிறார், மற்ற நேரத்தில் சம்பளமில்லாமல் சபையை நடத்துகிறார், அன்றைக்கு நிபுணனின் மெத்தையைத் தலையில் தூக்கினார்.

தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நின்று தொப்பியைக் கழற்றினார்கள். இந்தப் பிள்ளை போகிற புது வீடு கதகதப்பாக இருக்கட்டும், நல்ல அக்கம்பக்கம் அமையட்டும் என்று பிஷப் ஜெபித்தார். நிபுணன் எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னான். அப்படி ஒரு புது வீடு இல்லை என்பது அவனுக்கு மட்டும்தானே தெரியும்.

அவன் ஒரு டோனட் தின்று முடிப்பதற்குள் அறை காலி. சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஃபில்டர் உருண்டு விழுந்தது. வெர்ல் அதை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். அவர் தம் தோளில் கிடந்த துண்டில் அதைச் சுற்றி, மேலே வைத்தால் நசுங்காது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

முன் வண்டியில் டாலின் பக்கத்தில் நிபுணனை ஏற்றினார்கள். பின்னால் மற்ற வண்டிகளில் வெர்லும் பிஷப்பும் மற்றவர்களும்.

"எங்க போறோம் பிரதர்?"

"நேரா."

நேராகப் போனார்கள். பிறகு வலது பக்கம் திரும்பச் சொன்னான். அப்புறம் இன்னொரு வலது. ஊர்வலம் போல நிபுணனின் கட்டிலும் மேசையும் ஸ்பானிஷ் ஃபோர்க் ஊரைச் சுற்றி வந்தன. பள்ளிக்கூடம் வந்தது, சோடாக் கடை வந்தது, மறுபடி பள்ளிக்கூடம் வந்தது.

"பிரதர்" என்றார் டாலின், "இந்த சோடாக் கடைய மூணாந்தடவ தாண்டறோம். சோடா வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

வண்டிகளை நிறுத்தினார்கள். காபி குடிக்காத இந்த ஊரில் சோடாவில் தேங்காய்ப் பாகும் க்ரீமும் ஊற்றி வாளி மாதிரி டம்ளரில் குடிக்கிறார்கள். பல் வைத்தியர் பிஷப் அதை வேதனையோடு பார்த்தார். பிறகு நிபுணன் பக்கம் திரும்பி, போக இடம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

நிபுணன் உடைந்துபோனான். எல்லாவற்றையும் சொன்னான். பெரியப்பா, காணொளி, கோதுமை, கிழமைவாரியாகக் காலணிகள், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது யாரும் சோடா உறிஞ்சவில்லை.

வெர்ல்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த செவ்வாக்கிழமை செருப்பு என் சித்தி. எண்பத்தொண்ணு வயசு. உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, அவங்களுக்கு நடக்க முடிஞ்சதே பெரிசு."

டாலின் நெற்றியைச் சுருக்கினார். "புதன்கிழமை செவப்பு பூட்ஸுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அது என் பொண்டாட்டி." டம்ளரை வண்டியின் மேல் வைத்தார். "அதான் புதன்கிழமையானா எனக்கு வீட்ல சோறில்லையா."

அதற்கப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவருவது சபைப் பெண்களின் வழக்கமாம். பல மனைவி கட்டுவதை நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே சபை விட்டுவிட்டதாக பிஷப் சொன்னார். இப்போது யாராவது கட்டினால் அவர்தான் கூப்பிட்டு நீக்க வேண்டுமாம்.

"குப்பத்தொட்டிய எந்தக் கிழமை வெளிய வெக்கணும்னு ஒருத்திக்கே என்னால பதில் சொல்ல முடியல" என்றார் வெர்ல். பிறகு சிரிக்காமல், "காபி நாங்க குடிக்கறதில்ல தம்பி. நீ குடிக்கக் கூடாதுன்னு எப்ப சொன்னோம்? தெனமும் காத்தால வாசன எங்க பெட்ரூம் வரைக்கும் வருது. ஒனக்கு வயித்துக் கோளாறுன்னுதான் குளியலறைலயே இருக்கியோன்னு லாரே கவலப்படறா. மேல வந்து அடுப்புல போட்டுக் குடி."

எல்லாச் சாமானையும் திரும்பக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே வைத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு டாலின் ஆணி அடித்துக் கொடுத்தார்.

லாரே அம்மா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஓரத்தில் நின்றிருந்தார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன் கண்ணு. ஜெல்லில மாட்டு எலும்பு சேக்கறாங்க, உங்காளுங்க தொட மாட்டாங்கன்னு என் அக்கா மக சொன்னா. வாரா வாரம் அதத்தான் ஒனக்குக் குடுத்திருக்கேன். அந்தக் கோவத்துலதான் நீ போறேன்னு நெனச்சேன். கேக்கறதுக்கு வெக்கமாப் போச்சு."

(இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

எலும்பு இருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் கடல்பாசியில் ஜெல்லி செய்வோம் என்றும் சொன்னேன். கடலில் விளைவதா, அது பச்சை நிறம் பிடிக்குமா என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியவேண்டும் என்று அவர் இன்னொருவரையாவது கேட்டிருக்கிறார். நான் ஒருத்தரையும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு வைஃபையில், அவர்கள் கொடுத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களைப் பற்றிக் காணொளி பார்த்தேன்.

ஆகவே பெரியப்பா, இது என் இறுதி அறிக்கை. காணொளியில் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் இந்த வீட்டில் இருப்பது ஐயமற நிரூபணமாகிவிட்டது. சாத்திய கதவு உண்டு. அதற்குப் பின்னால் தினமும் காலையில் ஆவி பறக்க ஒரு சடங்கு நடக்கிறது. கடல் தாண்டி ஒரு தலைவர் இருக்கிறார். அவர் சொன்னால் மறுபேச்சில்லை, குடியிருக்கும் வீட்டையே காலி செய்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் உறுப்பினர் ஒரே ஒருவர். பேஸ்மென்டில் இருக்கிறார். பெயர் பிரகதீஷ், வயது இருபத்தாறு.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லி, அடுத்த பார்சலில் காபித் தூளோடு கடல்பாசி இரண்டு பாக்கெட் வைத்து அனுப்பவும். லாரே அம்மா கேட்டிருக்கிறார்.