தங்கம் வாங்கிய பிறகு ஓடிய ஓட்டம்

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். சொன்னதை அப்படியே கேட்கும் பிள்ளை எப்பேர்ப்பட்ட தொல்லை என்பதை என்னைப் பெற்ற அத்தாவிடம் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை நான்தான்.

அத்தாவுக்குச் சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அட்டை சப்ளை செய்யும் வியாபாரம். பிளஸ் ஒன் படிக்கும்போது, விருதுநகரில் நடந்த மாநிலப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடத் தேர்வானேன். சீசன் லோடுகளைத் தன் தம்பி, எங்கள் சாச்சா தலையில் கட்டிவிட்டு அத்தாவும் கூடவே வந்தார்.

முந்தின நாள் பயிற்சி முடிந்ததும் ஒரு ஆள் மூடி திறந்த பாட்டிலை நீட்டி, இதைக் குடித்தால் நாளைக்குக் கால் தரையில் படாது என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். (கொள்கை, லட்சியமெல்லாம் இல்லை. அதன் பச்சை நிறத்தைப் பார்த்தே குமட்டியது.) கோச் சார் புகார் கொடுத்து அந்த ஆளை மைதானத்தை விட்டே வெளியேற்ற வைத்தார். அத்தாவுக்கு மட்டும் ஆறவில்லை.

"இனி யாரு பாட்டிலோட வந்தாலும் நின்னு பேசாத தாயி. ஓடிரு," என்றார்.

மறுநாள் ஜெயித்தேன். முதலிடம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னிடம் முன்பின் தெரியாத ஒரு அம்மா வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். தாகமா இருக்கும், குடிச்சுட்டு என்கூட அந்த ரூமுக்கு வாம்மா என்றார்.

ஓடினேன்.

அவரும் துரத்தினார். கூட்டம் எழுந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கவேயில்லை. கேலரியிலிருந்து அத்தாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "விடாத தாயி, ஓடு!"

கடைசியில் கோச் சார்தான் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். "ஏ புள்ள, அவுக ஊக்கமருந்து சோதனைக்கு வந்தவுக. நீ ஓடுனா மருந்து எடுத்தவன்னு ஆயிரும். மெடலும் போயிரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தா வந்து சேர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அதிகாரி அம்மாவிடம் முந்தின நாள் கதையைச் சொல்லி, ஓடச் சொன்னது நான், பிள்ளைமேல் தப்பில்லை என்று மன்றாடினார். அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும் வரை காத்திருந்தார்.

"யாரோ கொடுத்ததைக் குடிக்கல பாரு, அது ரொம்பச் சரி. ஆனா ஓடக் கூடாதும்மா. முதல்ல ஐடி கார்டைக் கேளு," என்றார்.

கேட்டேன். காட்டினார். உள்ளே போய், அடுக்கியிருந்த வரிசையிலிருந்து சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை நானே எடுத்து, நானே திறந்து குடித்தேன். இரண்டு ஓட்டத்தில் உடம்பு காய்ந்து போயிருந்ததால் சோதனைக்குத் தேவையானது லேசில் வரவில்லை. (வெளியே எங்கள் டீம் வந்த வேன் முழுக்க என் சிறுநீருக்காகக் காத்திருந்தது. அந்த அவமானத்தை விவரிக்க மாட்டேன்.)

சில வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. சுத்தம். அத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். தங்கத்துக்குக்கூட அவர் கொடுத்தது வெறும் டீதான்.

இன்று நானே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இருமல் மருந்தைக்கூட என் பிள்ளைகள் என்னைக் கேட்காமல் தொடுவதில்லை. அதில் எனக்குத் தங்கத்தைவிடப் பெருமை.

வீட்டில்தான் மரியாதை இல்லை. என் கல்யாணத்தன்று மாமியார் ஆசையாக ரோஸ்மில்க் கிளாஸை நீட்டினார். சபை நிறைய ஆட்கள் இருக்க, அத்தா அமைதியாகச் சொன்னார்:

"ஓடிராத தாயி. ஐடி கார்டு இருக்கான்னு கேளு."

மாமியார் இன்றைக்கும் எனக்குக் காபி கொடுத்தால், முதலில் ஆதார் கார்டைத்தான் நீட்டுகிறார்.