சிட்டுவுக்கு டெஸ்ட்

"இன்னைக்கும் ஸ்கூலுக்குப் போகலியா?" செருப்பை மாட்டிக்கொண்டே மகளிடம் கேட்டாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி.

"போகல" என்றாள் சிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து. எட்டு வயது. மடியில் அப்பாவின் பழைய மோட்டார் புத்தகம்.

"ஏன்டி?"

"அங்க சொல்லித் தர்றதெல்லாம் எனக்குத் தெரியும்மா."

வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதிலிருந்து வீட்டில் மெக்கானிக்கின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் மகள் சொன்னது பொய்யில்லை. கணக்கு மிஸ்ஸைத் திருத்திவிட்டு வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள்.

"பள்ளிக்கூடத்தையே நிறுத்திட்டு, அவ இஷ்டத்துக்குப் படிக்க விட்டா என்ன?" என்றார். "நான்தான் வீட்ல இருக்கேனே."

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். "டெஸ்ட் பண்ணாம நான் ஜலதோஷத்தையே நம்ப மாட்டேன். முதல்ல புத்தி எவ்வளவுன்னு பார்ப்போம். அதுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க."

மெக்கானிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. புத்தி அதிகம் என்று வந்தால் பள்ளிக்கூடம் அவளை விடாது. மேடை மேடையாக ஏற்றும். சாதாரணம் என்று வந்தால், "இதுக்கா படிப்பை நிறுத்தப் பார்த்தே?" என்று சொந்தக்காரர்கள் பிய்த்துவிடுவார்கள்.

எதற்கும் இருக்கட்டுமென்று புதிர்ப் புத்தகம் வாங்கி வந்து பழக்கினார். சிட்டு சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு, அவர் போட்டதில் இருந்த தப்புகளையும் வட்டமிட்டுக் கொடுத்தாள்.

போனில் விஷயத்தைக் கேட்ட மைத்துனன், "போச்சு. பழக்கிக் கூட்டிட்டுப் போனா டெஸ்ட் செல்லாது மாமா" என்றான்.

"இப்ப என்ன பண்றது?"

"மறக்க வைங்க."

மறக்க வைப்பதற்காக நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைத்தார். சிட்டு விளம்பரங்களை வரிசை மாறாமல் ஒப்பித்தாள்.

அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா காதில் 'குழந்தைக்கு டெஸ்ட்' என்பது மட்டும் விழுந்துவிட்டது. ஆப்பிளோடு வந்து நின்றாள்.

"மனசைத் தளர விடாதீங்க. என்ன நோய்னு சொல்லிட்டாங்களா?"

"நோயெல்லாம் இல்லம்மா. புத்திதான் கொஞ்சம் அதிகமோன்னு..."

அவள் முகம் இன்னும் வாடியது. "எங்க சித்தப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

மறுநாள் மாடிப்படியில் எல்லோரும் மெக்கானிக்குக்கு வழிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள். சேதி பள்ளிக்கூடம் வரைக்கும் போயிற்று. வகுப்பு டீச்சர் வந்து, சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிட்டுதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். வகுப்புப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருத்தர் விடாமல் விசாரித்தாள்.

"பாருங்க, என்ன பக்குவம்" என்றார் மெக்கானிக். டீச்சர் இன்னும் அதிகமாக அழுதார்.

டெஸ்ட் நாளன்று டாக்டரம்மா சிட்டுவை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன வந்தாலும் சரி, அவ வீட்லயே இருக்கட்டும்" என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி. "நீ வேலைக்குப் போனதும் வீடு ஒரு மாதிரி ஆயிடும். இப்ப அவ இருக்கா. காலையில எழுந்து ஷேவ் பண்ணிக்கறேன்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரிங்க. நிறுத்திடலாம்."

கதவு திறந்தது. டாக்டரம்மா தனியாக வெளியே வந்தார்.

"புத்தி எப்படிங்க இருக்கு?" என்று எழுந்தார் மெக்கானிக்.

"டெஸ்டை நான் ஆரம்பிக்கவே இல்ல சார். ஸ்கூல்னா அவளுக்கு உசிராம். 'ஆனா நானும் கிளம்பிட்டா அப்பா நாள் பூரா சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பாரு, அவருக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், அப்புறம் போறேன்'ங்கறா."