மீசை போன ரஜிதன் அண்ணாவும் பெரியம்மாவின் மெசினும்

வட்டக்கச்சி,
வியாழக்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய பெரியம்மாவுக்குத் தேனுகா பணிவுடன் எழுதுவது.

முதலில் நான் கண்டது ரஜிதன் அண்ணாவின் மேலுதட்டைத்தான். முகம் முழுவதும் வெயில் பட்டுக் கறுத்திருக்க, மூக்குக்குக் கீழே மட்டும் பழைய கலண்டரைக் கழற்றிய சுவர் மாதிரி ஒரு துண்டு வெளிறிப்போய் இருந்தது. கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்காமல் உதட்டில் தொடங்கியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே நானும் அம்மாவும் சுகம். கறுப்பு ஆடு மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை அப்படி ஓடிப்போய்ப் பஸ் ஏறியதால் உங்கள் முழங்கால் வலி கூடியிருக்காது என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் அம்மாவுடன் தொலைபேசியில் கதைத்ததை நானும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை, அம்மா தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடித்திருந்தார். "நான் அந்தக் கைமெசினை அவளுக்குக் குடுத்தது நாலு பாவாடை சட்டை தைக்கட்டும் எண்டு. ரஜிதனைப் பழுதாக்க இல்லை. மெசினை வெள்ளிக்கிழமை காலமை பஸ்ஸிலை ஏத்தி விடு" என்றீர்கள். அம்மா "ஓம் அக்கா" என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. அது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பில் பெயர் கூப்பிடும்போது நான் "ரீச்சர்" என்று சொல்லத் தொண்டையைச் சரிசெய்வதற்குள் ரீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒன்பதாம் வகுப்பில் தினமும் போய் இருந்தும், வருடக் கடைசியில் நான் பாதி நாட்கள் வரவில்லை என்று கடிதம் வந்தது. அதோடுதான் நின்றேன். நீங்கள் மெசினைக் கொண்டுவந்து தந்த பிறகுதான் சனம் என்னைத் தேடி வரத் தொடங்கியது. தைக்கிறவளிடம் யாரும் அதிகம் கதை கேட்பதில்லை. அந்த மெசின் போனால் நான் மறுபடி வராதவள் ஆகிவிடுவேன். அதனால், நீங்கள் கேட்காமலே பஸ் ஏறிப்போன கதையை ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

ரஜிதன் அண்ணாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதினொரு வருடமாக வெள்ளை வேட்டியும் மூன்று குறி விபூதியும் அந்த மீசையுமாகக் கோயில் கோயிலாகப் பக்திப்பாட்டுப் பாடியவர். அவர் பாட்டைக் கேட்க நீங்கள் வவுனியாவிலிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் போய்வந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் மீசை இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, எனக்கொரு சேட்டு வேணும், வெளிச்சம் பட்டா மினுங்கோணும்" என்றார். அம்மா, "தம்பிக்குக் கலியாணம் ஏதும் சரிவந்திட்டுதோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி. பதினொரு வருசமாச் சனத்தை அழ வைச்சுப்போட்டன். நான் வாய் திறக்க முதலே கண் துடைக்க லேஞ்சியை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கினம். ஒருக்காச் சிரிச்சுக்கொண்டு கேக்கினமோ எண்டு பாப்பம்" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் எங்கள் கறுப்பு ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்கு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை, பெரியம்மா. வாயும் வரவில்லை.

இனி என் பிழைகளைச் சொல்கிறேன். முதலாவது துணி. முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கொண்டுவரும் கச்சு முகம்மது நானாவிடம் மினுங்குகிற துணி ஒன்றை விரலால் காட்டினேன். "புள்ள, இது உடுக்கிற துணி இல்ல. கலியாணத்துக்கு மணவறைக்குப் பின்னால கட்டுறது" என்றார். மனிதருக்குத் தைக்கத்தான் என்று சொல்ல நினைத்தேன், தலையை மட்டும் ஆட்டினேன், அவரோ நான் மணவறைக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து ஆறு மீற்றர் வெட்டிவிட்டார். இரண்டாவது அளவு. ஓர் ஆண்பிள்ளையின் தோளில் அளவு நாடாவைப் பிடிக்க எனக்குக் கூச்சம். ஆகவே பழைய சட்டை ஒன்று தரச்சொல்லி அம்மா மூலம் கேட்டு, அதை வைத்து அளவெடுத்தேன். அவர் கொடுத்தது தன்னுடைய முதலாவது கச்சேரிச் சட்டை. ராசியான சட்டை என்று கொடுத்திருக்கிறார். அது அவருக்குப் பத்தொன்பது வயதில் தைத்தது என்பது எனக்குத் தெரியாது. அதனால் கக்கத்தில் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. அதைப் போட்டால் முழங்கைக்கு மேலே கை அசையாது.

பூங்காவனத் திருவிழா அன்று பின்னேரம் என்ன நடந்தது என்று நீங்கள் வைபரில் முகம் தெரியாத மங்கல் வீடியோவாகத்தான் பார்த்தீர்கள். நான் நேரில், கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பாதித் தலைமயிர் செம்பு நிறத்திலும் உடம்பு முழுவதும் வெள்ளி நிறத்திலுமாக அவர் மேடையில் ஏறியதும், முன்வரிசையில் லேஞ்சியோடு இருந்த பெண்கள் அதை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்கள். பாட்டும் புதிது. பாட்டு என்பதைவிட விரைவான கதை என்று சொல்லலாம். வழக்கமாக அவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்குவார் அல்லவா? அன்று தூக்கப் பார்த்தார், என் தையல் விடவில்லை. ஆகவே இரண்டு கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்னங்கையை மட்டும் விசிறிக்கொண்டு துள்ளினார். அதற்கிடையில் அந்தத் துணியின் மினுக்கத்துக்கு வயலில் இருந்த பூச்சி எல்லாம் மேடைக்கு வந்து, ஒன்று அவருடைய வாய்க்குள் போய்விட்டது. அவர் இருமிய இருமலையும் பாட்டென்று நினைத்துப் பெடியள் கை தட்டினார்கள். மறுநாள் விளையாட்டுத் திடலில் அத்தனை பேரும் கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு துள்ளினார்கள், இருமலும் சேர்த்து. அது ஏதோ வெளிநாட்டு ஆட்டமாம். அது என் பிழை என்று நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

பெரியவர்களுக்குத்தான் தாங்கமுடியவில்லை. ரசிகர் மன்றத் தலைவர் நடராசா மாமா இரண்டு நாள் சவரம் செய்யவில்லை. மூன்றாம் நாள் கிளிநொச்சிக்குப் போய்த் தன் எதிர்ப்பைக் காட்ட ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக்கொண்டு வந்தார். கறுத்தக் கரை, நடுவில் மீசையோடு பழைய படம், மலர்வு 2013, உதிர்வு பூங்காவனத் திகதி. "எங்கள் பக்திக்குரல் ரஜிதன் எம்மை விட்டுப் பிரிந்தார்" என்று பெரிய எழுத்திலும், "பழைய தோற்றத்தில்" என்று எறும்பளவு எழுத்திலும் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை விடிய, சந்தியில் இருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் எல்லாக் கம்பங்களிலும் அது இருந்தது. எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலியை யார் நின்று வாசிக்கிறார்கள்? படத்தைப் பார்ப்பார்கள், ஐயோ என்பார்கள், செத்தவீட்டுக்குப் போகச் சட்டை மாற்றப் போவார்கள். ஒருவர் மட்டும் ஆண்டைக் கணக்குப் பார்த்து, "பதினொரு வயசுப் பிள்ளைக்கு உவ்வளவு மீசையோ?" என்றாராம். அவரும் சட்டை மாற்றத்தான் போனார்.

நூல் வாங்கப் போன நான் அதைக் கண்டதும் கம்பத்தடியிலேயே இருந்துவிட்டேன். சட்டை இறுக்கி மூச்சு முட்டித்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பெரியம்மா, அந்த ஐந்து நிமிடத்தில் நானே மெசினைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருப்பேன். பிறகு ஒரே ஓட்டமாக அவர் வீட்டுக்கு ஓடினேன். அங்கே தகரப் பந்தல் பாதி போட்டாகிவிட்டது. அவருடைய அம்மா விடியவே சந்தைக்குப் போயிருந்ததால் விசயம் தெரிந்தவர் யாரும் இல்லை. கதிரைக்காரர் லொறியில் இருந்து அறுபது கதிரை இறக்கிக்கொண்டிருந்தார். சாரத்தோடும் தலைமயிரை மறைத்துக் கட்டிய துண்டோடும் வாயில் பிரசோடும் அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"ஆற்றை செத்தவீடு அண்ணை?" என்று ரஜிதன் அண்ணா கேட்டார்.

"உங்கை ஆரோ பாட்டுக்காரனாம். நல்ல பெடியனாம்" என்றார் கதிரைக்காரர். "அந்த மூலையைப் பிடி தம்பி."

"ஐயோ, எந்தப் பாட்டுக்காரன்?" என்று அவர் மூலையைப் பிடித்தார். வந்த ரசிகர்களில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் அவரைத் தாண்டித்தான் அவரைத் தேடி உள்ளே போனார்கள்.

அப்போதுதான், யாரோ வைபரில் அனுப்பிய அஞ்சலியைப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் நீங்கள் மாலையோடு வந்தீர்கள். அவரைக் கட்டிப்பிடித்து, "தம்பி, உன்ரை கொண்ணன் எங்களை விட்டுட்டுப் போட்டானேடா! நீயெண்டாலும் அந்த மீசையை வையடா ராசா!" என்று அழுதீர்கள். அவருக்கு அண்ணன் இல்லை. ஆனால் நீங்கள் அழுத அழுகையில் அவருக்கும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "அம்மா, ரஜிதன் நான்தான்" என்றார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், மாலையைப் பார்த்தீர்கள், "அப்ப உனக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று கேட்டீர்கள். கேட்ட குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. நான் தவறாகக் கேட்டிருக்கலாம். அடுத்ததாக, "உந்தக் கோலத்துக்குச் சேட்டுத் தைச்சது ஆர்?" என்றீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதிரைகளைப் பார்த்தேன்.

நீங்கள் போன பிறகு அவர் அந்த அறுபது கதிரையையும் பார்த்துவிட்டு, வந்த சனத்தைப் போகாமல் இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, இரண்டு பாட்டுப் பாடினார். ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையதற்கு அழுதவர்கள்தான் புதியதற்கும் காலால் தாளம் போட்டார்கள். நீங்களும் இருந்திருக்கலாம்.

எப்படியோ, உங்கள் மனம் நொந்தது உண்மை. உங்கள் பொருள், உங்கள் சொல். இனிமேல் மினுங்குகிற துணியைத் தொடமாட்டேன், பாட்டுக்காரர் எவருக்கும் தைக்கமாட்டேன் என்று உறுதி தருகிறேன். மெசினைப் போர்வையில் சுற்றிக் கட்டிவிட்டேன். இந்தக் கடிதமும் அதனோடு நாளைக் காலைப் பஸ்ஸில் வரும். பெரியப்பாவுக்கும் யதுர்ஷிகா அக்காவுக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு அம்மன் துணை இருக்கட்டும். என்னையும் மனதில் வைத்து ஒரு திருநீறு பூசிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
தேனுகா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மத்தியானம். நேற்று பொழுதுபட நடராசா மாமா வந்தார். ரஜிதன் அண்ணாவின் சட்டை மாதிரி ஒன்று வேண்டுமாம். தனக்கு இல்லையாம், மருமகனுக்காம். அளவுக்குக் கொண்டுவந்த சட்டை மாமாவினுடையது. போகும்போது, "பிள்ளை, கக்கத்தை அப்பிடியே இறுக்கி விடு, அதிலைதான் விசயம் இருக்கு" என்றார். மெசின் போகப்போகிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

இன்று காலையில் அம்மாவும் நானும் மெசினைச் சைக்கிளில் வைத்துச் சந்திக்குக் கொண்டுபோனோம். வவுனியா பஸ் வந்தது. கொண்டக்டர் இறங்கி மூட்டையைத் தட்டிப் பார்த்து, "இது ஆற்றை சாமான்?" என்று கேட்டார். அம்மா வாய் திறக்க முதல், "என்ரை" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அப்ப ஏத்துறதோ?" "இல்லை அண்ணை, நீங்கள் போங்கோ."

பஸ் போய்விட்டது. ஆகவே பெரியம்மா, கடிதம் மட்டும் தபாலில் வருகிறது. நான் வீட்டுக்கு வந்து, போர்வையை அவிழ்த்து, மெசினுக்கு எண்ணெய் விட்டேன்.