கரடி வீட்டுப் பவளமும் ஆறு வண்ண விளக்கும்

ஒரு காட்டில், கடலில் இருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு காட்டில், தணிகாசலம் என்றொரு கரடியார் வாழ்ந்துவந்தார். நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். அதனால்தான் இந்தக் கதையில் இவ்வளவு கெடுதல் நடந்தது.

அவர் புதுக் குகை கட்டிக் குடிபோனபோது காடே திரண்டு வந்து சுவர்க் கடிகாரம் கொடுத்தது. மொத்தம் பதினோரு கடிகாரங்கள். கடற்கரைப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்த மைத்துனர் மட்டும் வித்தியாசமாகச் செய்கிறேன் பேர்வழி என்று, ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு மூட்டை கடலுப்பு, பண்ணையில் வளர்த்த ஒரு கைப்பிடிப் பவளம் ஆகியவற்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பவளம் பச்சையும் பழுப்புமாக இருந்தது. கரடியார் அதற்கு மரகதம் என்று பெயர் வைத்தார்.

“பவளத்துக்கு மரகதம்னு பேர் வெச்ச முதல் ஆள் நீங்கதாங்க” என்றார் அவர் மனைவி விசாலாட்சி. வீட்டில் யோசித்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பவளம் என்றால் கல் என்றுதான் கரடியார் மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை காப்பி குடிக்கும்போது தொட்டிக்குள்ளிருந்து பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

“அய்யா, இங்க இருட்டா இருக்கு.”

கரடியார் காப்பியைக் கொட்டிக்கொண்டார். “எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?”

“நாப்பத்து மூணு வாய் அய்யா. ஒரே குடும்பம்.”

“சாப்பாட்டுக்கு என்ன வேணும்? தேன் இருக்கு.”

“தேன் வேணாம். எங்க தோலுக்குள்ள பாசிங்க குடியிருக்குது, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பாசி. வெளிச்சம் இருந்தா அதுங்க சமைக்கும். சமைச்சதுல முக்கால்வாசி எங்களுக்குக் குடுத்துடும். அதான் எங்களுக்கு வர்ற வாடகை. வெளிச்சம் பத்தலைன்னா அடுப்பு எரியாது. ரொம்ப அதிகமானா சூடு தாங்காம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும். அதுங்க போயிட்டா நாங்க வெள்ளை எலும்புதான். கொஞ்ச நாள்ல செத்துடுவோம்.”

கரடியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படில்லாம் விட்டுடுவேனா? எந்த மாதிரி வெளிச்சம் வேணும், சொல்லு.”

“கடலுக்கு அடியில வர்ற மாதிரி. நீலம் தூக்கலா, மிதமா. காலையில வந்து சாயங்காலம் போயிடணும். அவ்வளவுதான் அய்யா.”

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நீலம் தூக்கலாக, மிதமாக, பகலில் மட்டும் எரிகிற ஓர் எல்.இ.டி. விளக்கு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் கரடியாரிடம் கைபேசி இருந்தது.

அன்றே ‘வனாந்தரப் பவள அன்பர்கள்’ என்ற குழுவில் சேர்ந்தார். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். “வணக்கம். என் மரகதத்துக்கு எந்த எல்.இ.டி. வாங்கலாம்?” என்று ஒரு வரி போட்டார். போட்டுவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் நூற்று நாற்பது பதில்கள் வந்திருந்தன.

வெள்ளை வெளிச்சம்தான் நல்லது, தண்ணீர் பளிச்சென்று தெரியும் என்றது எருமை. அதற்குத் தெரிந்த தண்ணீர் சேறு. விளக்கே தேவையில்லை, நான் பிறந்தது முதல் பகலில் கண்ணைத் திறந்ததில்லை, எனக்கு என்ன குறைச்சல் என்று கேட்டது ஆந்தை. எத்தனை வாட், எத்தனை கெல்வின், லென்ஸ் எத்தனை டிகிரி என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குழுவை விட்டே போய்விட்டது ஒரு முயல். நடுவில் இருபது பேர் ரோஜாப்பூப் படத்துடன் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் குழுவின் நிர்வாகி நீலமேகம் என்ற மயிலார் வந்தார். “எல்லாரும் அமைதியா இருங்க. ஆறு வண்ணம், ஆப் வசதி உள்ளதா வாங்குங்க. நீலத்தை நல்லா ஏத்தி வைங்க. நீலத்தைவிட அழகு உலகத்துல ஏது?” என்று எழுதினார். மயிலார் கண்ணாடி பார்க்காத நேரத்தில் இந்தக் குழுவைத்தான் பார்ப்பார். அவர் சொன்னால் அதற்குமேல் அங்கே பேச்சு கிடையாது.

அலங்கார மீன் கடை வைத்திருந்தது ஏகாம்பரம் என்ற கீரியார். கரடியார் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னார்.

“தொட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம்?” என்று கேட்டார் கீரியார்.

“ரெண்டடி நீளம். ஒண்ணேகால் அடி ஆழம்.”

“என்ன பவளம்?”

கரடியார் படத்தைக் காட்டினார். கீரியார் கண்ணை இடுக்கிப் பார்த்தார். “இதுக்கு அதிக வெளிச்சமே ஆகாதுங்க. இந்தச் சின்ன விளக்கு போதும். தண்ணிக்கு ஓரடி மேல தொங்க விடுங்க. முப்பது சதவீதத்துல வெச்சுட்டு ரெண்டு மாசம் கை வைக்காதீங்க. ஏத்தணும்னா அப்புறமா வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்திக்கலாம்.”

கரடியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவருக்கு இவ்வளவு சின்னப் பெட்டியா?

“இதுல ஆப் இருக்கா?”

“இல்லீங்க. ஒரு பொத்தான் இருக்கு.”

“ஆறு வண்ணம்?”

கீரியார் பெருமூச்சு விட்டு மேல்தட்டிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். ஆறு வண்ணம், சூரிய உதயம், மேகமூட்டம், இடி மின்னல் எல்லாம் அதில் இருந்தன. கூடவே உத்தரவாதப் படிவமும் இருந்தது. கடைசி வரியில் ‘பயனாளியின் கையொப்பம்’ என்று போட்டிருந்த இடத்தில் கரடியார் தன் கையெழுத்தைப் போட்டார்.

“வாங்கறதை வாங்குங்க. முப்பதைத் தாண்டாதீங்க” என்று வாசல் வரை வந்து சொன்னார் கீரியார். காசு கேட்காமல் சொன்ன யோசனை என்பதால் அது கரடியார் காதில் ஏறவில்லை.

விளக்கு வந்து சேர்ந்த முதல் நாள் முப்பதில் எரிந்தது. நாற்பத்து மூன்று வாய்களும் திறந்து, “நல்லா இருக்கு அய்யா. இதுவே போதும்” என்றன. கரடியார் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

“மங்கலா இருக்கே” என்றார் மயிலார்.

கரடியார் ஐம்பது வைத்தார். மறுநாள் அறுபது. நீலத்தை மட்டும் எண்பதுக்குக் கொண்டுபோனார். படம் போடப் போட இதயங்கள் வந்தன. இதயங்கள் வர வர அவர் விரல் நிற்கவில்லை. ஒரு நாள் நடுப்பகலில் இடி மின்னல் போட்டுக் காட்டினார். விசாலாட்சி மாடியில் காயப்போட்ட வடகத்தை எடுக்க ஓடினார்.

“அய்யா, எரியுது” என்றது மரகதம்.

கரடியார் உடனே கைபேசியை எடுத்தார். “பவளம் ‘எரியுது’ன்னு சொல்லுது. இதுக்கு என்ன அர்த்தம்?” என்று குழுவில் கேட்டார்.

“ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லும்” என்றது எருமை. “எங்க வீட்டுதும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இப்ப சொல்றதில்ல.”

கரடியாருக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு வாரத்தில் மரகதத்தின் பழுப்பு போய், பச்சை மட்டும் மினுமினுவென்று எரிந்தது. பார்த்தவர்கள் மலைத்தார்கள். மயிலார் அதை அந்த மாதத்தின் சிறந்த தொட்டியாக அறிவித்தார். கரடியார் தொட்டிக்கு மாலை போட்டார்.

“அய்யா, பாதிப் பேர் காலி பண்ணிட்டாங்க” என்றது மரகதம். குரல் மெலிந்திருந்தது. “மீதிப் பேரும் மூட்டை கட்டறாங்க. நாங்க சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு.”

“இவ்வளவு அழகா இருக்கியே!”

“பழுப்பு நிறம்தான் அய்யா பாசிங்க. அதுங்க போனதாலதான் மினுக்கறோம்.”

அன்றைக்குத்தான் கரடியார் முதன்முறையாகக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தொட்டியைப் பார்த்தார். ஓரத்தில் ஐந்தாறு வாய்கள் வெள்ளைவெளேரென்று மூடிக் கிடந்தன. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மீண்டும் கைபேசியை எடுத்தார்.

“வெளுக்குது. என்ன செய்ய?”

“வெளிச்சம் பத்தலை. எல்லாத்தையும் நூறு வைங்க” என்று நொடியில் பதில் போட்டார் மயிலார்.

“என்னங்க, அதுதான் எரியுதுன்னு சொல்லுதே. காது கேக்கலையா உங்களுக்கு?” என்று அடுக்களையிலிருந்து கத்தினார் விசாலாட்சி.

“சும்மா இரு விசாலாட்சி. அதுக்கு என்ன தெரியும்? அது பவளம்” என்று கரடியார் தொட்டியின் மேல் குனிந்து, ஆறு வண்ணங்களையும் ஒவ்வொன்றாக நூறுக்குத் தள்ளினார். ஐந்து முடிந்தது. ஆறாவதைத் தள்ளும்போது தேன் ஒட்டியிருந்த பாதத்திலிருந்து கைபேசி வழுக்கி, உப்புத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தது.

விளக்கு ஒரு முறை சிமிட்டியது. ஆப் காணாமல் போனால் அது தானாகத் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று உத்தரவாதப் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பழைய நிலை என்பது முப்பது சதவீதம். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போய்விடும்.

விசாலாட்சி கைபேசியைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றினார். கரடியார் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மறுநாளே புதுக் கைபேசி வாங்கிக்கொண்டு, பழைய எண்ணைத் திரும்பப் பெற இணைப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஆமை ஒருவர் முகப்பில் இருந்தார்.

“ஓ.டி.பி. சொல்லுங்க.”

“அது எங்க வரும்?”

“உங்க போனுக்கு.”

“போன்தான் தண்ணில விழுந்துடுச்சுங்களே.”

“அப்ப தண்ணிக்குத்தான் வந்திருக்கும். போய்ப் பார்த்துட்டு வாங்க.”

இப்படியே பத்து வாரம் ஓடியது. எண் இல்லாமல் ஆப்பும் இல்லை, குழுவும் இல்லை. குழு இல்லாமல் யோசனை இல்லை. கரடியாருக்குத் தொட்டியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. முதல் மூன்று வாரம் ஒரு முன்னேற்றமும் இல்லை. இரண்டு வாய்கள் செத்தே போயின. கரடியார் அந்த இரண்டுக்காகவும் அழுதார். ஐந்தாவது வாரம் ஒரு வாயின் ஓரத்தில் லேசாகப் பழுப்புத் தட்டியது.

“யாரோ திரும்பி வந்திருக்காங்க அய்யா. அடுப்பு பத்த வெக்கறாங்க” என்றது மரகதம்.

பத்தாவது வாரம் நாற்பத்தோரு வாய்களும் திறந்திருந்தன. பச்சையும் பழுப்புமாக, பார்க்கச் சுமாராக, வயிறு நிறைந்து ஆடிக்கொண்டிருந்தது மரகதம். கரடியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் நீ சொல்வதுதான் எனக்கு வேதம் என்று சத்தியம் செய்தார்.

பெரியவர்கள் சொல்லும் கதையாக இருந்தால் இங்கே கரடியார் திருந்திவிடுவார். இது நடந்த கதை. மறுநாள் இணைப்பு கிடைத்துவிட்டது.

முதல் வேலையாக மரகதத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். செத்துப்போச்சு என்று நினைத்தோமே, எப்படிப் பிழைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். “போன் தண்ணில விழுந்துச்சு” என்று உள்ளதை உள்ளபடி எழுதினார் கரடியார்.

“எந்த மாடல் போன்?” என்று கேட்டது எருமை.

“உறையோட போடணுமா, கழட்டிட்டா?” என்று கேட்டது ஆந்தை.

“எப்படியோ தேறிடுச்சு. இப்பதான் தெம்பா இருக்கே, இனிமே எழுபது தாங்கும். ஏத்துங்க” என்றார் மயிலார்.

கரடியார் யோசித்தார். தெம்பாகத்தான் இருந்தது. மெல்ல ஆப்பைத் திறந்து, முப்பது என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். நாற்பதானது. ஐம்பதானது. நாற்பத்தோரு வாய்களும் சட்டென்று மூடிக்கொண்டன. அப்புறம் ஒரே ஒரு வாய் திறந்தது.

“அய்யா, எங்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கீங்களாமே?”

“ஆமா! முந்நூறு பேர் பார்த்துட்டாங்க.”

“அய்யா எடுத்தா அழகாத்தான் இருக்கும். நாங்கதான் இன்னும் பார்க்கலை.”

கரடியாரின் மனசு உருகிவிட்டது. இவ்வளவு நாளாக அது வேண்டாம், இது வேண்டாம் என்று அழுத பிள்ளை, இன்றைக்கு ஆசையாக ஒன்று கேட்கிறது. கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

“தெரியலையே அய்யா. எங்களுக்குக் கண்ணு கிடையாதே. நாங்க எதையும் தொட்டுத்தான் பார்க்கணும்.”

“அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா கண்ணு?” என்றார் கரடியார். முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, கைபேசியை மரகதத்தின் மடியில் பத்திரமாக வைத்தார்.

விளக்கு ஒரு முறை சிமிட்டியது. முப்பதுக்கு வந்து நின்றது. நாற்பத்தோரு வாய்களும் திறந்து, கைபேசியை மூலை முடுக்கு விடாமல் ஆறஅமரத் தடவிப் பார்த்தன.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் கரடியார்.

“ரொம்ப நல்லா இருக்கு அய்யா.”

கரடியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். விசாலாட்சி கரண்டியை எடுத்து வந்தார்.

நீதி: நம் மேல் உயிரையே வைத்திருப்பவர்களைத் திருத்த முடியாது, அவர்களுடைய போனை நனைக்க முடியும்.