ராஜம் வீட்டுக் குளவிக்கூடு

அந்த நாள் கல்கத்தாவில் யாரும் பொறாமைப்படவே லாயக்கில்லாத மனிதன் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் மெஸ்ஸில் 'குளவி' என்று பட்டப்பெயர் வாங்கியவன்தான். அவனைப் பார்த்துத்தான் நான் வயிறெரிந்தேன்.

லேக் மார்க்கெட் பக்கம் பிரம்மச்சாரிகள் மெஸ்ஸில் என் அறைத்தோழன். குளவிகளைப் பற்றி ஆராய்ச்சி. அதுகளின் முதுகில் பெயின்ட் பொட்டு வைத்துப் பெயர் சூட்டுவான். தலைக்கு எண்ணெய், உடம்புக்கு சோப்பு இரண்டும் கிடையாது. "குளவிக்கு வாசனை குழம்பிடும்டா" என்பான். பந்தியில் பக்கத்து இலைக்காரன் பாடு அவனுக்குத்தான் தெரியும்.

என் கவலை வேறு. எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க்கின் மகள் ராஜத்தை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் வீட்டுக்குக் கெரசின் வரிசையில் நின்றேன். மாமிக்கு முருங்கைக்காய் சுமந்தேன். வாய் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை. அவர்கள் பால்கனியில் குளவி கூடு கட்ட, கலைப்பதற்கு ஆள் தேடினார்கள். நானே போய் இவனை அழைத்துவந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது!

கலைப்பதாவது! நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். வாராவாரம் வந்தான். ஒரு நாள் எதிர்வீட்டுக் கூட்டிலிருந்து ஒரு குளவியைப் பிடித்துவந்து இந்தக் கூட்டில் விட்டான். இங்கிருந்தவை மீசையால் தடவிப் பார்த்தன. அடுத்த நிமிஷம் கடித்துத் துரத்தின.

"ஓ மா! வேத்தாள்னு எப்படித் தெரிஞ்சுது, குளவி-தா?" என்றாள் ராஜம்.

"மேல்தோல்ல மெழுகாட்டம் ஒரு பூச்சு இருக்கு. கூட்டுக்குக் கூடு அதோட வாசனை வேற. பொறந்த புதுசுல கொண்டுவந்து விட்டா சேர்த்துக்கும். கூட்டுலயே பொரண்டு இந்த வாசனை ஒட்டிக்கும். வளர்ந்தது வந்தா கடிதான்."

குளவி-தாவாம்! என்னை மட்டும் 'சார்' என்பாள். வங்காளியில் 'தா' என்றால் அண்ணன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மெஸ்ஸில் சொன்னால், "போடா அசடு, இந்த ஊர்ல காதல் ஆரம்பிக்கறதே அதுலதான்" என்று வெந்த புண்ணில் மிளகாய்ப்பொடி தூவினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜத்தின் அப்பா என் கண்ணெதிரிலேயே அவனிடம் கேட்டார்: "உங்க ஜாதகம் இருக்கோ?"

வாய்க்குக் கொண்டுபோன வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கதவோரம் ராஜம் நின்றாள்.

அவன் கூட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "எதுக்கு சார்? வளர்ந்த குளவியை எந்தக் கூடும் சேர்க்காதுன்னேன். உங்க கூடு ஒருத்தனை எப்பவோ சேர்த்துண்டாச்சு. தினம் மெஸ்ஸுக்கு வரச்சே இவன் சட்டையில உங்காத்து மோர்க்குழம்பு வாசனைதான். இவனைக் கேளுங்கோ."

ராஜம் உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

கல்யாணத்தன்று அவனைத் தனியே இழுத்துப் போய், "உனக்கும் அவளைப் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம, வாரம் தவறாம வருவேனாடா?" என்று சொல்லி, என் மாலையை நேராக்கிவிட்டுப் பந்திக்குப் போனான். இவ்வளவு அழகாக விட்டுக்கொடுக்க இவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று, அன்றைக்கு அதற்கும் பொறாமைப்பட்டேன்.